கனடாச் சீவாளியும் ஜேர்மன் சீவாளியும்: எதைச் சீவப் பழகுவது?

பிள்ளை, உம்முடைய கேள்வியை முதலில் மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் இருக்கிறீர். கனடாவில் உள்ள மாமி தான் வாசித்துவிட்ட ஓபோ ஒன்றை (நாயனம் போலவே, நாணல் சீவாளியை வாயில் வைத்து ஊதும் மேல்நாட்டு வாத்தியம்) அனுப்பியிருக்கிறார், கூடவே ரொறன்ரோவில் வாங்கிய சீவாளி நான்கு. ஜேர்மனியில் உள்ள சித்தப்பா தன் பங்குக்கு மூன்று அனுப்பினார். இரண்டு வகையும் பார்வைக்கே வேறு. கனடாச் சீவாளி மெல்ல ஊதினாலே பேசுகிறது, ஆனால் சத்தம் சின்னதாக, போர்வைக்குள் இருந்து வருவது போல. ஜேர்மன் சீவாளி கணீரென்று வருகிறது, ஆனால் சுருதி ஓர் இடத்தில் நிற்காமல் வழுக்குகிறது, பத்து நிமிடத்தில் உதடு களைத்துவிடுகிறது. கோயில் மேளத்தில் நாயனம் வாசிக்கும் அப்பப்பா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுகளும் சீவாளியோ" என்று சிரித்தாராம். ஏழு சீவாளியும் முடியப் போகிறது, இனி நீரே கட்டிச் சீவ வேண்டும், எந்த முறையில் தொடங்குவது என்று கேட்டீர்.

நான் முள்ளியவளையில் மேளக்கார வீட்டில் பிறந்தவன். எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனிக்குப் போனேன். அங்கே ஊதுவாத்தியம் திருத்தும் சின்னப் பட்டறை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். ஓபோச் சீவாளி கட்டப் பழகியது அங்கேதான். ஆகவே என் கை ஐரோப்பியக் கை. அமெரிக்க முறையைப் பின்னால்தான், அங்கே இருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவருக்காகச் சிரமப்பட்டுப் பழகினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீர் முதலே தெரிந்துகொள்வது நல்லது.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: சித்தப்பா அனுப்பிய வகையில் தொடங்கும். ஆனால் "அதுதான் நல்ல சத்தம்" என்பதற்காக அல்ல. காரணத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டால் ஆறு மாதத்தில் கத்தியைத் தூக்கி எறிந்துவிடுவீர். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பப்பா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நாயனச் சீவாளி ஒரு மெல்லிய நாணல் குழாய். குழாயாகவே எடுத்துப் பதப்படுத்தி, ஒரு பக்கத்தைத் தட்டையாக அமர்த்தி, மறுபக்கத்தைக் கெண்டை என்ற சின்ன உலோகக் குழாயில் நூலால் கட்டுகிறார்கள். காவிரிக்கரையில் இருந்து வருகிற அந்தத் தட்டை, அதாவது நாணல் தண்டு, இயல்பிலேயே மெல்லியது, இளகியது. வாசிக்கிறவர் அதில் செய்வது பெரும்பாலும் நனைப்பது, விரலால் அமர்த்துவது, ஊசியால் வாயைத் திறந்துவிடுவது, எப்போதாவது பிளேட்டால் சாடையாகச் சுரண்டுவது. சீவுவதால் சீவாளி என்று ஒருவர் சொல்வார், சீவன் கொடுப்பதால் சீவாளி என்று இன்னொருவர் சொல்வார். எங்கள் வீட்டில் இரண்டும் சொல்வார்கள்.

ஓபோவின் தட்டை வேறு சாதி. அருண்டோ டோனாக்ஸ் என்ற பெரிய நாணல். பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளைவதற்குப் பெரிய பேர். விட்டம் 10 முதல் 11 மில்லிமீற்றர் வரையான குழாயை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, உட்பக்கத்தைக் குடைந்து நடுவில் சுமார் 0.6 மில்லிமீற்றர் கனத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு அச்சு வைத்து ஓரத்தை வெட்டி, நடுவில் மடித்து, கெண்டையில் கட்டி, மடிப்பை வெட்டித் திறந்தால் இரண்டு இதழ் கிடைக்கும். அவர்கள் ஸ்டேப்பிள் என்பது எங்கள் கெண்டைதான். பெரும்பாலும் 47 மில்லிமீற்றர் நீளம், அடியில் தக்கை சுற்றியிருக்கும். இப்படிக் கட்டியெடுத்த சாமான் ஊதினால் பேசாது. ஒரு மூங்கில் துண்டை ஊதுவது போல இருக்கும். அதைப் பேச வைப்பது முழுக்க முழுக்கக் கத்திதான். நாயனத்தில் சீவல் கடைசி ஒப்பனை என்றால் ஓபோவில் அதுவே பிறப்பு. அதனால்தான் எங்கே சீவுவது, எவ்வளவு சீவுவது என்பதில் ஊருக்கு ஊர் கட்சி பிரிந்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு சீவாளியையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாரும்.

ஜேர்மன் சீவாளியில் நுனியில் இருந்து 10, 12 மில்லிமீற்றர் மட்டும்தான் தோல் உரிந்திருக்கும். அதற்குக் கீழே நூல் வரைக்கும் பளபளப்பான தோல் அப்படியே இருக்கும். தோல் தொடங்கும் இடம் கவிழ்த்த வளைவாகவோ கூராகவோ இருக்கும், அது செய்தவரின் கையைப் பொறுத்தது. இதைக் குறுஞ்சீவல் என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீளத்தை அளந்தால் 72, 73 மில்லிமீற்றர் வரும்.

கனடாச் சீவாளியில் கத்தி கிட்டத்தட்ட நூல் வரைக்கும் இறங்கியிருக்கும். அதை நான் வயல் மாதிரித்தான் நினைவில் வைத்திருக்கிறேன். இரண்டு கரையிலும் வரம்பு, அதில் கொஞ்சம் தோல் மிச்சம் இருக்கும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு முள்ளந்தண்டு. வரம்புக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் இரண்டு நீளப் பாத்தி, அங்கேதான் ஆழமாகச் சீவியிருக்கிறார்கள். இந்த முழுப் பகுதியும் முதுகு. அதற்கு மேலே கனமாக விட்ட பகுதி நெஞ்சு. அதற்கும் மேலே, கடைசி 4 மில்லிமீற்றர் அளவில் வெங்காயத் தோல் போல மெல்லிய நுனி. நெஞ்சில் இருந்து நுனிக்கு இறங்கும் இடம் ஒரு படி மாதிரித் தெளிவாகத் தெரியும். இதை நெடுஞ்சீவல் என்போம். மொத்த நீளம் 70 மில்லிமீற்றரை ஒட்டி இருக்கும், நீர் அளந்தால் அரை மில்லிமீற்றர் கூடக்குறைய வரலாம்.

இந்த 2, 3 மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதுகில் தட்டையை எடுத்தால் இதழ் முழுவதும் இளகி ஆடத் தொடங்கும், சுருதி கீழே இறங்கும். அதை ஈடுகட்டத்தான் நெடுஞ்சீவல்காரர் சீவாளியைக் கட்டையாக வெட்டுகிறார். குறுஞ்சீவலில் முதுகு விறைப்பாக நிற்பதால் சுருதி மேலே நிற்கும், ஆகவே நீளமாக விடலாம். சீவலும் நீளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு முறையின் நீளத்தை எடுத்து மற்ற முறையின் சீவலைப் போட்டால் இரண்டும் கெடும். காணொளி பார்த்துப் பழகுகிறவர்கள் தடுக்கி விழுகிற முதல் கல் இதுதான். ஒருவரிடம் அளவு, இன்னொருவரிடம் சீவல், மூன்றாமவரிடம் கெண்டை என்று பொறுக்கிச் சேர்ப்பார்கள்.

நெடுஞ்சீவல் ஒரு பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவுக்குப் போய் உருவாக்கியது. மார்செல் தபுத்தோ, 1887இல் பிரான்சில் பிறந்தவர். பாரிஸில் ஜோர்ஜ் ஜில்லேயிடம் படித்தார். 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா இசைக்குழுவில் முதல் ஓபோ வாசித்தார், அதே ஊரில் கேர்டிஸ் இன்ஸ்ரிரியூட்டில் படிப்பித்தார். பெரிய இசைக்குழுவுக்குள் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்காத, ஆனாலும் தனியாகக் கேட்கிற, உதட்டை அதிகம் வருத்தாத ஒரு சத்தம் தேடினார். முதுகைத் திறந்துவிட்டது அந்தத் தேடலில்தான். அவரிடம் படித்தவர்கள் அமெரிக்காவின் பெரிய குழுக்களில் எல்லாம் போய் அமர்ந்தார்கள், முறையும் கூடவே பரவியது. கனடாவிலும் பெரும்பாலும் அதே கைதான். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஒரு மாதிரி, ஒல்லாந்துக்காரர் இன்னொரு மாதிரி. வியன்னாவில் வாத்தியமே வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம். ஆனால் தோலை முதுகில் விட்டுவைப்பதில் பொதுவாக ஒத்துப்போவார்கள். லண்டனில் மச்சாள், மச்சான் யாராவது இருந்து அனுப்பியிருந்தால் அதுவும் அநேகமாகக் குறுஞ்சீவலாகத்தான் இருக்கும். எங்கள் சனம் எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ, அந்தந்த ஊர்ச் சீவல் இப்போது வன்னிக்கு வந்து சேர்கிறது. அவ்வளவுதான் உம்முடைய குழப்பத்தின் வரலாறு.

சரி, சத்தத்துக்கு வருவோம். நெடுஞ்சீவல் "இருண்ட" சத்தம், குறுஞ்சீவல் "வெளிச்சமான" சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பேச்சில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. குறுஞ்சீவலில் தேன் மாதிரி வாசிப்பவரையும் கேட்டிருக்கிறேன், நெடுஞ்சீவலில் தகரத்தில் கல் விழுந்தது போல வாசிப்பவரையும் கேட்டிருக்கிறேன். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: சுருதியைப் பிடித்து வைத்திருப்பது யார்? நெடுஞ்சீவலில் அந்த வேலையைச் சீவாளியே செய்கிறது. குறுஞ்சீவலில் உதடும் மூச்சும் செய்கின்றன.

இதை நீரே சோதித்துப் பார்க்கலாம். சீவாளியை ஓபோவில் கொளுவாமல் தனியே எடும். இரண்டு, மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, உதடு நூலைத் தொடும் வரை வாயில் விட்டு, உதட்டால் அழுத்தாமல் ஊதும். வெள்ளைக்காரர் இந்தச் சத்தத்தைக் காகம் கரைவது என்பார்கள். (எங்களூரில் கரைச்சல் என்றால் வேறு. பல நேரம் அதுவும் பொருத்தமாகவே இருக்கும்.) போனில் சுருதி காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு பாரும். நல்ல நெடுஞ்சீவல் மெல்ல ஊதும்போது ஸி என்ற சுரத்தில் கரையும். அழுத்தி ஊதினால் கீழே இன்னொரு ஸியும் சேர்ந்து இரண்டு ஸ்தாயியில் ஒன்றாக முழங்கும். அது ஸியில் நிற்காவிட்டால் செய்தவர் அதை வேலை முடிந்த சீவாளியாகக் கணக்கெடுக்க மாட்டார். குறுஞ்சீவலில் இந்தக் கட்டாயம் இல்லை. பல சுரம் கலந்து கரகரப்பாக வரலாம், செய்தவர் அதைப் பெரிதாக எடுக்கவும் மாட்டார். கெதியாகப் பேசுகிறதா, உதட்டுக்கு வளைந்து கொடுக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

இப்போது உம்முடைய இரண்டு முறைப்பாடும் விளங்கும். வீட்டில் நாயனம் கேட்டு வளர்ந்தவர் நீர். அப்பப்பா ஒரு கமகத்தை உதட்டாலும் மூச்சாலும் எப்படி இழுத்து இறக்குகிறார் என்று உடம்புக்கே தெரியும். அந்த உதட்டோடு கனடாச் சீவாளியைக் கடித்துப் பிடிக்கிறீர். அது ஏற்கெனவே தன் சுருதியில் நிற்கிற சாமான், அதைப் பிடிக்கத் தேவையில்லை. பிடித்தால் மெல்லிய நுனி இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சத்தம் மூடிக்கொள்ளும். உதட்டை உருட்டி உள்ளே வைத்து, ஆனால் இறுக்காமல், வயிற்றில் இருந்து மூச்சை மட்டும் கூட்டிப் பாரும். போர்வை விலகும்.

ஜேர்மன் சீவாளியில் எதிர்ப்பக்கம். அது உம்மிடம் "நீரே பிடியும்" என்கிறது. எங்கே பிடிப்பது என்று உதட்டுக்கு இன்னும் தெரியவில்லை, அதனால் வழுக்குகிறது, களைக்கிறது. பத்து நிமிடம் என்பது தொடக்கத்தில் குறைவும் அல்ல. ஒன்று மட்டும் கவனியும்: ஓபோவின் வாய் மிகச் சின்னது, உள்ளே எடுத்த மூச்சு செலவாகாமல் பழுதாகித் தேங்கும். களைப்பில் பாதி அதனால் வருவது. வசனத்துக்கு நடுவே மூச்சை இழுப்பதற்கு முதல் பழையதை வெளியே விடும்.

ஏன் குறுஞ்சீவலில் தொடங்கச் சொல்கிறேன்? முதல் காரணம், பிழை விடக்கூடிய இடங்கள் குறைவு. நெடுஞ்சீவலில் நுனி, நெஞ்சு, இரண்டு பாத்தி, முள்ளந்தண்டு, வரம்பு, இவை எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குச் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு இதழிலும் ஒரே மாதிரி. பாத்தியில் நான்கு கீறு கூடிவிட்டால் சுருதி இறங்கும். அதை ஏற்ற நுனியை வெட்டுவீர். வெட்டினால் நுனி கனக்கும். மறுபடி நுனியைச் சீவுவீர். ஒரு பின்னேரம் முடிய கையில் 64 மில்லிமீற்றர் கட்டை ஒன்று மிஞ்சும். எனக்கு மிஞ்சியிருக்கிறது, ஒன்றல்ல, ஒரு ரின் நிறைய. குறுஞ்சீவலில் கூர்ந்து பார்க்க வேண்டியது நுனி, அதற்குக் கீழே படிப்படியாகக் கனக்கும் சரிவு, தோலின் எல்லை, அவ்வளவுதான். இரண்டாவது காரணம், பக்கத்தில் வாத்தியார் இல்லை. நெடுஞ்சீவல் என்பது கையைப் பிடித்துக் காட்டிக் கொடுக்கிற வித்தை. "இங்கே இன்னும் கொஞ்சம்" என்று ஒருவர் நகத்தால் தொட்டுக் காட்டினால்தான் அது வரும். மூன்றாவது, மேலே சொன்ன உதடு. மேளக்கார வீட்டு உதட்டுக்குக் குறுஞ்சீவல் சொந்தக்காரன் மாதிரி. ஆனால் ஒன்று, நாயனம் பிடிப்பது போல முழுச் சீவாளியையும் வாய்க்குள் விடாதீர். ஓபோவுக்கு நுனியில் சில மில்லிமீற்றர் போதும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமும் உண்டு, மறைக்க மாட்டேன். நாளைக்கு நீர் கனடாவுக்குப் போய் அங்கே படிக்கப் போகிறீர் என்றால் வாத்தியார் முதல் நாளே குறுஞ்சீவலைக் கழற்றி வைக்கச் சொல்வார். மாமியின் ஓபோவும் நெடுஞ்சீவலோடு வாசிக்கப்பட்டு, அதற்கேற்ப விசைகளின் உயரமும் திருத்தப்பட்டதாக இருக்கலாம். குறுஞ்சீவலோடு மேல்சுரங்களின் சுருதி கூடிக்கொண்டே போனால் வாத்தியத்தைக் குறை சொல்ல வேண்டாம், கெண்டையின் நீளத்தையும் சீவாளியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பல இடங்களில் ஏ சுரத்தை 442இல் (வினாடிக்கு 442 அதிர்வு) வைப்பார்கள், அமெரிக்காவில் 440. நீர் தனியே வாசிப்பதென்றால் இதில் தலையை உடைக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட ஓர்கனோடு சேர்ந்து வாசிக்கப்போகும் நாளில்தான் அது தெரியும்.

இனி வன்னியைப் பற்றி. சீவல் முறையை ஒப்பிடும் எந்தக் காணொளியிலும் இது வராது. இங்கே சோளகம் அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் காற்று உலர்ந்து அனலாக இருக்கும். ஊறவைத்த சீவாளியை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். காய்ந்தால் ஓரங்கள் பிரியும், காற்று கசியும். முதுகெல்லாம் சீவிய நெடுஞ்சீவல் இந்தக் காலத்தில் வளைந்து நெளிவதை நான் கண்டிருக்கிறேன். தோல் மூடிய குறுஞ்சீவல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்தால் கதை மாறும். தட்டை ஊதிப்போய் வாய் அகலத் திறக்கும், எல்லாம் கனக்கும். ஆடியில் அளவாகச் சீவிய சீவாளி கார்த்திகையில் மரக்கட்டை. அதற்காகக் கார்த்திகையில் நன்றாகச் சீவி வைத்தால் அடுத்த ஆடியில் அது கீச்சிடும். ஒரே சீவாளியை இரண்டு காலத்துக்கும் இழுக்க வேண்டாம். கோடைக்குச் சீவும்போது நுனியில் ஒரு சொட்டுக் கனம் கூட விடும், மாரிக்கு இன்னும் கொஞ்சம் எடும்.

என் அப்பா வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாசிக்கப் போகும்போது வைகாசி வெயிலில் மாற்றுச் சீவாளியைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பார். அதைப் பார்த்து நீரும் செய்ய வேண்டாம். ஓபோத் தட்டைக்கு எச்சில் நல்லதல்ல, தண்ணீரில்தான் ஊற வேண்டும். அந்தத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு கூட. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர். அதே படிவு நுனியிலும் படியும், ஒரு மாதத்தில் சீவாளி செவிடாகிவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வையும், இல்லையென்றால் போத்தல் தண்ணீர். மூடியுள்ள சின்னக் குப்பி போதும். ஓபோ கருங்காலி மாதிரி மரத்தில் செய்தது என்றால் கோடையில் பெட்டிக்குள் ஈரம் காயாமல் பார்க்கவும் வேண்டும், மரம் வெடிக்கும். மாமி அனுப்பியது பிளாஸ்ரிக் உடம்பாக இருந்தால் கவலைப்படாதீர், வன்னிக்கு அதுதான் மேல்.

கத்தி. ஊருக்கு வந்த புதிதில் என் சீவாளிக் கத்தியை, அரிவாளும் கொடுவாக் கத்தியும் தீட்டும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மனுசன் அன்பாக, மினுங்க மினுங்கத் தீட்டித் தந்தார். தாடி வழிக்கலாம், சீவாளி சீவ முடியாது. ஏனென்றால் இந்தக் கத்தி வெட்டுவதில்லை, சுரண்டுகிறது. கல்லில் ஒரு பக்கமாக இழுத்து முடிக்கும்போது விளிம்பில் மயிரளவு கொக்கி ஒன்று எழும், அந்தக் கொக்கிதான் தட்டையில் இருந்து தூளை எடுக்கிறது. அவர் அந்தக் கொக்கியைத் தேய்த்து அழித்துவிட்டார். அவர் பிழையில்லை, அரிவாளுக்கு அது தேவையில்லாத சாமான். கத்தியை வேறு ஒருவரிடமும் கொடுக்காமல் நீரே தீட்டப் பழகும். தூள் மாவு மாதிரி உதிர்ந்தால் கத்தி சரி. துண்டு துண்டாகக் கழன்றாலோ, கை தானாக அழுத்தத் தொடங்கினாலோ உடனே நிறுத்திக் கல்லுக்குப் போம். கத்தி மழுங்கியிருந்தால் நெடுஞ்சீவல், குறுஞ்சீவல் என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. எல்லாம் கோணல் சீவல்தான்.

சீவும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டி ஒரு நாள் காயவிட்ட சீவாளியில் நுனியில் இருந்து 11 மில்லிமீற்றரில் பென்சிலால் வளைவு கீறும். கோட்டுக்கு மேலே தோலை உரியும். கத்தி எப்போதும் நூல் பக்கமிருந்து நுனிப் பக்கம் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. நடுவில் குறைவாக, நுனிப் பக்கம் கூடுதலாகச் சீவிக்கொண்டே வாரும். பிறகு மடிப்பை வெட்டித் திறந்து, இரண்டு இதழுக்கும் இடையில் மெல்லிய உலோகத் தகட்டைச் செருகிக்கொண்டு நுனியைச் செய்யும். மூலைகள்தான் எல்லாவற்றிலும் மெல்லியதாக இருக்க வேண்டும், நடு நுனி அதைவிடச் சாடையாகக் கனம். ஒரு இதழில் இடம், வலம், மற்ற இதழில் இடம், வலம் என நான்கு கால் இருக்கிறது. ஒரு காலில் ஐந்து கீறு போட்டால் மற்ற மூன்றிலும் ஐந்து கீறு போட வேண்டும். தகட்டை எடுத்துவிட்டு மின்குமிழுக்கு முன்னால் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். இடப்பக்க நிழலும் வலப்பக்க நிழலும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒத்திருக்க வேண்டும். கண் சொல்வதை விட நிழல் சொல்வதை நம்பும்.

பேசத் தாமதித்தால் மூலைகள் கனம். கீழ்ச்சுரங்கள் கனைத்துக்கொண்டு வந்தால் தோலின் எல்லைக்குப் பக்கத்தில் கொஞ்சம் எடுக்க வேண்டும். எல்லாமே சுருதி குறைந்தால் நுனியில் ஒரு மயிரிழை, 0.2 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல், வெட்டும். நுனிக்குச் சற்றுக் கீழே நடுப்பகுதியில் மட்டும் கத்தியை வைக்காதீர். வேறு வழியே இல்லாத நாள் வரும்போது மட்டும் அங்கே தொடும். ஓரம் கசிந்தால் தட்டையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவர்கள் சுற்றும் வெள்ளை ரேப்பை நூலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பாரும். நெளிந்து மூடிக்கொள்ளும் வாயைத் திறந்து வைக்கச் சிலர் மெல்லிய பித்தளைக் கம்பி கட்டுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு பயிற்சி. இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதாலேயே பிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஜேர்மன் சீவாளி மூன்றில் ஒன்று முதலில் சாகும். அதை எறியாதீர். ஊறவைத்துக் கரையவிட்டு, எந்தச் சுரம் வருகிறதென்று செயலியில் பார்த்து எழுதி வையும். பிறகு தோல் மூடிய முதுகில் இரண்டு பாத்தி கீறித் திறக்கத் தொடங்கும். நடுத்தண்டையும் வரம்பையும் தொடாமல், நான்கு காலிலும் ஐந்தைந்து கீறு. மறுபடி கரையவிடும், எழுதும். மறுபடி ஐந்து கீறு. சுருதி மெல்ல மெல்ல இறங்குவதும், கரகரப்பு அடங்குவதும், அடியில் ஒரு பெரிய குரல் எழும்பி வருவதும் கேட்கும். ஒரு கட்டத்தில் சுருதி மிகவும் விழுந்துவிடும். அப்போது நுனியை வெட்டி நீளத்தைக் குறையும். 70 அளவுக்கு வரும்போது, அதிர்ஷ்டம் இருந்தால், இரண்டு ஸ்தாயியும் ஒரு கணம் ஒன்றாகக் கரையும். வாசிக்க உதவாத சாமானாகத்தான் இருக்கும், தட்டையின் குடைவும் அகலமும் அந்த முறைக்கு வெட்டப்பட்டதல்ல. ஆனால் ரொறன்ரோவில் அந்தச் சீவாளியைச் செய்தவர் எந்தக் கீறில் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று உமக்கு விளங்கிவிடும். மறுவளமாக இதைச் செய்ய முடியாது. எடுத்த தோலைத் திரும்ப ஒட்ட யாருக்கும் தெரியாது. அதனால் மாமி அனுப்பிய நான்கையும் கத்தி படாமல் வைத்திரும். அவற்றில் நன்றாகப் பேசும் ஒன்றை வாசிக்கவும் வேண்டாம், ஈரமில்லாத குப்பி ஒன்றில் போட்டுப் பூட்டி வையும். ஒரு வருடம் கழித்து நெடுஞ்சீவலைத் தொடும்போது நிழலுக்கு நிழல் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

தட்டை வாங்குவதென்றால் குடைந்து, அச்சு வெட்டி, மடித்துத் தயாராக வருவதைச் சித்தப்பாவிடம் சொல்லி எடுப்பியும். குடையும் இயந்திரம் வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர், அந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கலாம். முதல் இருபது சீவாளியும் சாகும், அதற்கு ஏற்றபடி தட்டைக்குச் சொல்லும். கெண்டையை எறியாதீர், நூலை வெட்டிக் கழற்றித் திரும்பத் திரும்பக் கட்டலாம். கிளிநொச்சிப் பக்கம் வருவதென்றால் முதலே ஒரு செய்தி அனுப்பிவிட்டு முள்ளியவளைக்கும் ஏறி வாரும். கல்லையும் கத்தியையும் கொண்டு வாரும், அந்தக் கொக்கியை எழுதிக் காட்ட முடியாது.